ஆண்டவன் கொடுத்த கடைசி வரி

"ஆண்டவனுக்கு டைப் அடிக்கத் தெரியுமாப்பா?"

பிரதீபா இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. விழுந்த பல்லின் சந்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டாள். அவளுடைய அப்பா சிதம்பரநாதன் அப்போது கூடத்தில் உட்கார்ந்து, டைப் அடித்து வந்திருந்த தம் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தான் எழுதியதற்குத் தானே சிரிக்கிற அப்பாவைப் பார்த்து மகள் காரணம் கேட்டாள். "இந்தக் கடைசி வரி நான் எழுதினது இல்லடா கண்ணு, ஆண்டவன் எழுதினது" என்றார் அவர். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

அதற்கும் சிரித்தார். "அவருக்குத் தெரியாதது ஒண்ணு உண்டாம்மா?" என்று சொல்லி மகளின் கன்னத்தைத் தட்டினார். குழந்தைகள் கேட்பதற்கு நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்து யோசித்தால் நமக்குத்தான் லாபம். அந்தக் கேள்வியின் நியாயம் சிதம்பரநாதனுக்கு விளங்கப் பதினேழு வருஷம் ஆயிற்று.

சிதம்பரநாதன் அம்பகரத்தூர்க்காரர். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆபீசில் அவர் கையெழுத்துக்கு மதிப்பு. வெளியே அவர் கட்டுரைகளுக்கு மதிப்பு. வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம், தீபாவளி மலரில் இரண்டு பக்கம், வானொலியில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் நோகடித்துச் சிரிக்க வைப்பதில்லை என்று அம்மன் சந்நிதியில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர். அதனால் அவர் கட்டுரைகளில் அதிகம் அடி வாங்கியவர் அவரேதான்.

எழுதுவதெல்லாம் பஸ்ஸில். அம்பகரத்தூரில் ஏறினால் காரைக்கால் வருவதற்குள் மூன்று நான்கு பக்கம் ஓடிவிடும். பஸ் நிற்கும்போது கட்டுரையும் நின்றுவிடும். அதைத் திரும்பப் படிக்க மாட்டார். "எழுதினதைத் திரும்பப் பாக்கிறது, சாப்பிட்டு மூடின எலைய விரிச்சுப் பாக்கிற மாதிரி" என்பார். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வடிவாம்பாளின் டைப்பிங் கடையில் கொடுத்துவிடுவார். இரண்டு நாள் கழித்து வாங்கி, திரும்புகாலில் பஸ்ஸிலோ, கூட்டமாக இருந்தால் வீட்டுக்கு வந்தோ, ஒரே ஒருமுறை படிப்பார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடக்கும். தாம் எழுதியதாக நினைவே இல்லாத ஒரு வரி, பெரும்பாலும் கடைசியில், வந்து உட்கார்ந்திருக்கும். கொசுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் முடிவு இப்படி இருந்தது: "மேற்படி கொசுக்கள் மேற்படி விலாசத்தில் எனக்கு முன்பிருந்தே குடியிருந்து வருவதால், காலி செய்ய வேண்டியவன் நான்தான் என்று தெரியவருகிறது." பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். இதை நானா எழுதினேன்? பஸ் ஆட்டத்தில் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பேன். இல்லை, எழுதவைக்கப்பட்டிருப்பேன்.

பணிவுள்ள மனிதர். தமக்குத் தெரியாமல் வந்த நல்லதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியதும் அம்மன் கோயிலில் ஒரு சூடம் கொளுத்தினார். அன்று முதல் ஆண்டவன் வரி ஒன்றுக்குச் சூடம் ஒன்று என்று வழக்கமாகிவிட்டது.

"முன்பாதியையும் அவரே எழுதிக் குடுத்துட்டா தேவலாம்" என்பாள் மனைவி தேவிகா. "நாலு பக்கம் பொறுமையா படிச்சாத்தான் அந்த ஒரு வரி வருது."

"கோயிலுக்குப் போறவங்க வெளிப் பிராகாரம் சுத்திட்டுத்தானடி உள்ள போவணும்."

"உங்க பிராகாரம் ரொம்ப நீளங்க."

இப்படி நடந்துகொண்டிருந்தபோது, அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கையில், சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அம்பலவாணன், ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர். டெல்டா எழுத்தாளர்களின் நகைச்சுவைக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்களாம். சிதம்பரநாதனின் 'காலி டாங்க்' அதில் முதல் கட்டுரையாம்.

சிதம்பரநாதன் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார். வானொலியில் பேசியது காற்றோடு போகும். பத்திரிகையில் வந்தது அடுத்த வாரமே வடை மடிக்கப் போகும். ஒரு தடவை தம் கட்டுரை மேலேயே பஜ்ஜி வைத்து அவர் சாப்பிட்டிருக்கிறார். புத்தகம் அப்படி இல்லை. நிற்கும். நூலகத்தில் யாரோ ஒருவர் என்றைக்கோ எடுத்துப் பார்ப்பார். அவர் பெயர் இதுவரை ஒரு புத்தகத்திலும் வந்ததில்லை. வெளியே சொன்னதில்லையே தவிர, மனசுக்குள் அந்த ஆசை முப்பது வருஷமாகக் குடியிருந்தது.

'காலி டாங்க்' காரைக்காலுக்கு மட்டுமே உரிய ஒரு கஷ்டத்தைப் பற்றியது. புதுச்சேரி அரசின் எல்லைக்குள் இருப்பதால் இங்கே பெட்ரோல் விலை குறைவு. ஆகவே நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து உறவினர்களுக்குக் காரைக்கால் உறவினர்கள் மேல் பாசம் அதிகம். கட்டுரையில் ஒரு மாமா மாதம் இரண்டு முறை வண்டியில் வந்து, "அக்கா ஒடம்பு எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்றபடியே விசாரித்துவிட்டு, பெட்ரோல் பங்குக்குப் போய்விடுவார். அதன் கடைசி வரிதான் பேர் வாங்கியது: "எனவே பெட்ரோல் விலையை இரண்டு பக்கமும் ஒன்றாக்கிவிட்டால் என் தாயாரின் உடல்நிலையை விசாரிக்க ஆளே இருக்காது என்பதால், வயதானவர்களின் நலன் கருதி விலையை இப்படியே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"அந்தக் கடைசி வரிக்காகத்தான் சார் முதல்ல போடுறோம்" என்றார் அம்பலவாணன். "ஒரு படிவம் அனுப்புறேன். கட்டுரை முழுக்க உங்க சொந்தப் படைப்புதான்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அப்புறம், உங்க கையால எழுதின கடைசிப் பக்கத்தப் படம் எடுத்து அனுப்புங்க. ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிர்ல கையெழுத்துப் பிரதியப் போடுறோம்."

கையெழுத்துப் பிரதிகளை வடிவாம்பாள் டைப் பிரதியோடு கிளிப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தேவிகா அவற்றைப் பழைய புடவைக் கரையால் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, தும்மித் தும்மி ஒரு கட்டை இறக்கினார் சிதம்பரநாதன். 'காலி டாங்க்' கிடைத்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஆகவே உறவினர் எதற்காக வந்தாலும் வந்தது வந்ததுதானே! அன்பே பெரிது."

இவ்வளவுதான் இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கொசுக் கட்டுரையை எடுத்தார். "ஆகவே கொசுவும் ஓர் உயிர்தானே! அன்பே பெரிது." பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் கட்டுரையை எடுத்தார். அங்கேயும் அன்பே பெரிது. டைப் பிரதியில் மட்டும், "மேற்படி கைக்குட்டைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்பது குறித்துத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று இருந்தது.

மேற்படி. தக்க நடவடிக்கை. கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவன் ஏன் மனு எழுதுகிற பாஷையில் எழுதுகிறான் என்று இந்தப் பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது.

"என்னங்க, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்று தேவிகா வந்தாள். அவர் தாள்களை நீட்டினார். அவள் பார்த்தாள், ஒப்பிட்டாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதடி."

"இல்லீங்க. சூடத்த நெனச்சேன். எத்தன சூடம்!"

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் வடிவாம்பாளின் கடைக்குப் போனார். வடிவாம்பாளுக்கு நாற்பத்தேழு வயது. மூக்கின் நுனியில் கண்ணாடி, காதில் பென்சில். அவள் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்த மீன்காரம்மா ஒருத்தி, கூடையை வாசலில் இறக்கிவிட்டு மனு சொல்லிக்கொண்டிருந்தாள். சிதம்பரநாதன் ஓரமாக நின்றார்.

"எங்க தெருவுல வெளக்கு எரியல. அவ்ளோதான், எழுதும்மா."

வடிவாம்பாள் விரல்களை ஓட்டினாள். முடித்ததும் படித்துக் காட்டினாள். "...மேற்படி விளக்கு மூன்று மாதமாக எரியாததாலும், மாலை டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் வரும் வழி அது ஒன்றே என்பதாலும்..."

"நான் பொண்ணுவோளப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!"

"சொல்லல. ஆனா அதுக்காகத்தான வந்தீங்க?"

மீன்காரம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அதுக்குத்தான்டி வந்தேன்! எம் பேத்திதான் வர்றா அந்த வழியா!" என்றவள், இரண்டு சங்கரா மீனை எடுத்துத் தாளில் சுற்றி மேஜைமேல் வைக்கப் போனாள். "கீபோர்டு மேல வேணாம்" என்றாள் வடிவாம்பாள்.

மீன்காரம்மா போனதும் சிதம்பரநாதன் இரண்டு பிரதிகளையும் மேஜைமேல் வைத்தார்.

"வடிவும்மா, இந்தக் கடைசி வரி யாரு எழுதினது?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். பயமும் இல்லை, பெருமையும் இல்லை. "நான்தான் சார். கொறையா இருந்துச்சு, நெறச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் இல்ல சார். சிலது உங்களதே நல்லா இருக்கும்."

"எத்தன இருக்கும்?"

அவள் விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். "மூணு" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாலுன்னு வெச்சுக்கலாம் சார்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மனு குடுக்கிறவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன் சார். நீங்க வாங்கினதும் பஸ்ஸுக்கு ஓடிருவீங்க. அடுத்த தடவ வந்து 'ரொம்ப நல்லா வந்துருக்கு வடிவும்மா'ம்பீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். கடைசியில், "நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லையே!" என்றார்.

"சிரிச்சா டைப்புல தப்பு விழும் சார்."

அவர் புத்தக விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்வதாகச் சொன்னார். வடிவாம்பாள் தலையை ஆட்டிவிட்டாள்.

"வேணாம் சார். டைப் அடிக்கையில நான் சேர்ப்பேன்னு புஸ்தகத்துல அச்சாச்சுன்னா, மறுநாள் என் கடையில அடிச்ச மனுவ எந்த ஆபீசுல வாங்குவாங்க? 'இதுல மனுதாரர் சொன்னது எது, வடிவாம்பா சொன்னது எது'ன்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள். அவரே கேட்பார்.

"அப்ப நான் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுரட்டுமா?"

"அது உங்க கையெழுத்து சார்" என்றாள் அவள். "அதுல நான் ஒண்ணும் சேர்க்க முடியாது."

அன்று மாலை பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றும் எழுதவில்லை. மூன்று பக்கக் கட்டுரை. அதில் ஒரே ஒரு வரி. சேர்த்தவளே வேண்டாம் என்கிறாள். கையெழுத்துப் போட்டால் யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வியை அவர் பஸ் நல்லாம்பல் ஊரைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பேர் அவர் மேஜைக்கு எதிரில் நின்று, "ஒரு வரிதானே சார், கண்டுக்காம விட்டுருங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர் விட்டதில்லை. இப்போது மேஜைக்கு எதிர்ப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. கோயிலில் இறங்கி, சூடம் இல்லாமல் வெறுங்கையோடு கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தம் கையெழுத்துப் பிரதியை, அன்பே பெரிது உட்பட, அப்படியே படம் எடுத்து அனுப்பினார்.

பத்தாவது நிமிஷம் அம்பலவாணன் கூப்பிட்டார்.

"சார், கடைசி வரி எங்க?"

"அது என்னுது இல்லீங்க."

"பின்ன யாருது?"

"அதச் சொல்ல அனுமதி இல்ல."

"பத்திரிகையில உங்க பேர்லதானே வந்துச்சு?"

"தெரியாம வந்துருச்சு. தெரிஞ்சப்புறம் கையெழுத்துப் போட முடியாதுல்ல?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சார், கோவிச்சுக்காதீங்க. அந்த வரி இல்லாட்டி இது நகைச்சுவைக் கட்டுரை இல்ல, பிரசங்கம்."

"எனக்கும் படுது. வேற ஒண்ணு எழுதித் தர்றேன். முழுக்க நானே எழுதினது."

"பத்து நாள்ல அச்சுக்குப் போவுது. நல்லா இருந்தாப் போடுறேன். இல்லாட்டி அடுத்த ஆளத்தான் பாக்கணும். வருத்தப்படக் கூடாது."

அந்தப் பத்து நாளும் சிதம்பரநாதன் பட்ட பாடு அம்மனுக்குத்தான் தெரியும். முன்பாதி எல்லாம் வந்தது. கடைசி வரி வரவில்லை. எந்தப் பக்கமாகப் போனாலும் பேனா அன்பே பெரிது என்ற இடத்தில் போய் நின்றது. ஒருநாள் கண்டக்டரிடம் ஆலோசனை கேட்டார். "எறங்குற எடம் வந்தா எறங்கிரணும் சார், அதுக்கு மேல யோசிக்கக் கூடாது" என்றார் அவர். டீக்கடைக்காரர், "கடேசில அந்தாளு செத்துட்டாருன்னு முடிச்சிருங்க, எல்லாரும் நம்புவாங்க" என்றார். குருக்கள், "சுபம்னு போட்டுடுங்கோ" என்றார். தேவிகா, "முடிக்காமலே விட்டுருங்க. வாசிக்கிறவங்க சந்தோஷப்படுவாங்க" என்றாள்.

ஒன்பதாவது நாள் காலை, வேறு விஷயம் எதுவும் கிடைக்காமல், இதையே எழுதினார். கடைசி வரிக்காக ஒரு மனிதன் ஊரெல்லாம் பிச்சை எடுக்கிற கதை. யார் யார் என்ன போட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டே எழுதினார். தன்னைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லாதபோது பேனா லேசாகிவிடுகிறது. பஸ் காரைக்காலுக்குள் நுழைந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். முடிவு வரவில்லை. அவசரமாக, "இந்தக் கட்டுரைக்கும் கடைசி வரி யோசித்து வைத்திருந்தேன், அதற்குள் பஸ் நின்றுவிட்டது" என்று எழுதிவிட்டு இறங்கினார்.

வடிவாம்பாள் அவர் எதிரிலேயே டைப் அடித்தாள். கடைசியில் விரல் நின்றது.

"கொறையா இருக்கா வடிவும்மா?"

அவள் இரண்டு தடவை படித்தாள். "இருக்கு சார்" என்றாள். பிறகு, "ஆனா இது கொறையாத்தான் இருக்கணும்" என்று சொல்லி அச்சுக்குக் கொடுத்தாள். அவள் வாயின் இடது ஓரம் சற்றே மேலே போனதை அவர் பார்த்தார். டைப்பில் ஒரு தப்பும் விழவில்லை.

அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, மேஜைக் கண்ணாடிக்கடியில் தம் அலுவலகத்தின் முத்திரை குத்திய ஒரு தாள் இருப்பதைக் கவனித்தார். மனுதாரர் பெயர் செல்லம்மா. 'பிறந்த ஆண்டு குறிப்பிடாததால் திருப்பப்படுகிறது' என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தது.

"இது யாரு?"

"எங்கம்மா சார். ஆதார் எடுக்க வந்த பையன் வயசு கேட்டிருக்கான். அதுக்குத் தெரியல. அவனாப் பாத்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சுன்னு போட்டுட்டான். அட்டப்படி எங்க பெரியக்கா எங்கம்மாவ விட நாலு வயசு மூத்தவ."

சிதம்பரநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த குறிப்பு நோட்டை எடுத்தது. பேனா மூடியைத் திறந்தபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சிரிங்க சார். எல்லாரும்தான் சிரிச்சாங்க. கவுண்டர்லயும் சிரிச்சாங்க. முதியோர் உதவித்தொகைக்கு வயசு பத்தலன்னு எழுபது தாண்டின கெழவிகிட்ட சொன்னப்ப, அதுவே சிரிச்சிருச்சு."

அவர் பேனாவை மூடி நோட்டைப் பைக்குள் வைத்தார். "பிறப்புச் சான்று எடுத்தா மாத்திரலாமே?"

"அதுக்குத்தான் மனு. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பொறப்பு. எத்தாசிவில்னு அந்தக் காலத்துப் பொறப்பு எறப்பு ரிஜிஸ்தர்ல இருக்கும். வருஷம் சொன்னாத் தேடித் தருவோங்கிறாங்க. அம்மாவுக்கு வருஷம் தெரியல. உங்க ஊர்ல பொறந்தவதான் சார், அம்பகரத்தூரு. கோயில் திருவிழா நடக்கையில பொறந்தேன்னு மட்டும் சொல்லுது. தாத்தா பேரு காத்தமுத்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல? அதே கட்டடத்துல மாடியிலதான ஒக்காந்திருக்கேன்?"

"சொன்னா நீங்க எனக்காகத் தேடச் சொல்வீங்க. அப்புறம் அது சிபாரிசு ஆயிரும் சார். வரிசையில எங்கம்மாவுக்கு முன்ன நின்னவங்களுக்கு யாரு தேடுவா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மனுவை எடுத்துக்கொண்டாள்.

கட்டுரையைப் படித்த அம்பலவாணன் மறுநாளே கூப்பிட்டார். "பழசு அளவுக்கு இல்ல சார். ஆனா போடலாம். முதல்ல இல்ல, எட்டாவதா வருது." எட்டாவது என்றாலும் புத்தகம் புத்தகம்தான். சிதம்பரநாதன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே விழுந்தது. போனில் விஷயம் கேட்ட பிரதீபா, "எத்தனாவது பக்கம்ப்பா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

சந்தோஷம்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு வடிவாம்பாளின் முகம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லாமல் இருப்பது ஒன்று. பட்ட கடனைத் தீர்ப்பது வேறு. பதினேழு வருஷமாக ஒருத்தி கேட்காமல் கொடுத்திருக்கிறாள். நன்றி என்று சொல்லப் போனால், "டைப் கூலி வாங்கிட்டேன்ல சார்" என்பாள்.

அடுத்த சனிக்கிழமை, விடுமுறை நாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்குமா ஆபீசு? ரிட்டயர் ஆவப் போறவரு ஓடுற ஓட்டத்தப் பாரு" என்றாள் தேவிகா.

"கொஞ்சம் வேல கெடக்கு. போவறதுக்குள்ள முடிச்சுரணும்."

அலுவலகத்தில் ஆள் இல்லை. கண்காணிப்பாளரிடம் இருக்கும் சாவியால் பதிவேட்டு அறையைத் திறந்தார். முதலில் பிரிவு மேஜையில் திருப்பப்பட்ட மனுக்களின் அலுவலக நகல்கள் இருந்த கோப்பை எடுத்துப் பார்த்தார். ஆண்டு தெரியாத காரணத்தால் திருப்பியவை செல்லம்மாவுடையதோடு சேர்த்து மூன்று இருந்தன. மற்ற இரண்டும் அவளுக்கு முன்னால் வந்தவை. வரிசைப்படி ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தார்.

அட்டை உதிரும் பெரிய பதிவேடுகள். எழுத்து பிரெஞ்சு, பெயர்கள் நம்முடையவை. பள்ளியில் படித்த நாலு பிரெஞ்சு வார்த்தையை வைத்துக்கொண்டு, மாதத்தையும் அப்பன் பெயரையும் மட்டும் விரலால் தடவிப் போனார். முதல் சனிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை, முதல் இரண்டு மனுக்களின் ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக அகப்பட்டார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை செல்லம்மாவைத் தேடினார். அம்மன் கோயில் திருவிழா வைகாசியில். ஆகவே ஒவ்வொரு வருஷமும் மே மாதப் பாதியிலிருந்து ஜூன் மாதப் பாதிவரை பார்த்தால் போதும்; வேறு ஊர்க்காரர் யாருக்கும் இந்தக் கணக்கு எளிதில் தோன்றாது. நாற்பத்தெட்டு போயிற்று. நாற்பத்தொன்பது போயிற்று. ஐம்பதில் ஒரு காத்தமுத்து கிடைத்தார், ஆனால் பிறந்தது ஆண் குழந்தை. ஐம்பத்தொன்று மே மாதக் கடைசியில், மசி பழுப்பேறிய ஒரு பக்கத்தின் அடியில், உழவர் காத்தமுத்துவின் மகள் செல்லம்மா, அம்பகரத்தூர், காலை ஆறு மணி என்று இருந்தது. அவர் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்துப் பதிவு எண்ணைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மூன்று துண்டுத் தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் பதிவேட்டின் ஆண்டையும் பதிவு எண்ணையும் பென்சிலால் எழுதி, அந்தந்த மனுவின்மேல் குண்டூசியால் குத்தினார். கீழே சுருக்கொப்பம்கூட இடவில்லை. கோப்பை, திங்கட்கிழமை காலையில் பிரிவு எழுத்தர் நசீம் வந்து உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, மேஜையின் நடுவில் வைத்தார். முடிவு செய்யவேண்டியது நசீம். எண் கையில் இருந்தால் ஒரு வாரத்தில் சான்று தபாலில் போய்விடும்.

பதிவேடுகளை வருஷ வரிசையில் அடுக்கினார். நாடாக்களைப் பழைய முடிச்சு இருந்த இடத்திலேயே கட்டினார். ஜன்னலைச் சாத்தி, அறையைப் பூட்டிவிட்டு, கீழே இறங்கிக் குழாயில் கை கழுவினார். விரல் இடுக்கில் ஏறியிருந்த பழுப்புத் தூசி போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.